எழுத்து உடைந்து வந்தால்: கலைந்த தேடல் சொல்லையும் கோப்புப் பெயரையும் அறிகுறி பார்த்துப் படிக்கும் வழி

ஈரோடு, திருப்பூர் பக்கம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்களுக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: "ஏனுங்ணா, ஃபைல் பேரெல்லாம் என்னென்னவோ காட்டுதுங்க. வைரஸ் ஏறிடுச்சுங்களா?" அநேகமாக இல்லை. ஜவுளிக்கடையில் இருந்து ஆடிட்டருக்கு, ஆடிட்டரிடம் இருந்து அச்சகத்துக்கு, அச்சகத்தில் இருந்து இணையக் கடைக்கு என்று ஒரே பட்டியல் பல மெஷின்களில் ஏறி இறங்குகிறது. அதில் ஒரு மெஷின் தமிழை வேறு கணக்கில் வாசித்துவிட்டது, அவ்வளவுதான்.

உடைந்த எழுத்து கண்டபடி உடைவதில்லை. வந்த வழிக்குத் தக்கபடி உடைகிறது. சில உடைசல்களில் உள்ளே எதுவுமே கெடவில்லை, சிலவற்றை முழுசாக மீட்கலாம், சிலவற்றில் எழுத்து போனது போனதுதான். இதில் எது என்று தெரிந்துகொள்வதற்கு முன் 'சேவ்' பொத்தானை அமுக்கினால், மீட்கக்கூடியதும் மீட்க முடியாததாகிவிடும். அதனால் முதல் வேலை, கோப்பை அப்படியே ஒரு நகல் எடுத்து ஓரமாக வைப்பது. பெயரை மாற்ற வேண்டாம், திறந்து சேமிக்க வேண்டாம். யாராவது உடைந்த வரியை வாட்ஸாப்பில் ஒட்டி அனுப்பினால் அதை வைத்து வேலையை ஆரம்பிக்காமல் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். காரணம் கீழே வருகிறது.

கட்டம் கட்டமாகத் தெரிகிறது

□□□ என்று ஒரே அளவுக் கட்டங்களாக வந்தால் நிம்மதியாக இருங்கள். எழுத்து பத்திரமாக இருக்கிறது, அதை வரைந்து காட்ட ஃபான்ட்தான் இல்லை. பழைய பில்லிங் மெஷின், பார்கோடு பிரின்டர், சின்னத் திரை வைத்த தறிக்கூட மீட்டர் இவற்றில் இது சகஜம். சோதிப்பது சுலபம். அந்தக் கட்டங்களை நகலெடுத்து ஃபோனில் ஒட்டிப் பாருங்கள். அங்கே தமிழ் தெரிந்தால் ஃபான்ட் போட்டால் போதும். விண்டோஸில் லதா ஃபான்ட் விண்டோஸ் 2000 காலத்தில் வந்தது, நிர்மலா விண்டோஸ் 8இல் இருந்து கூடவே வருகிறது. அதனால் ஓரளவு புதிய மெஷினில் கட்டம் வந்தால், அந்த மென்பொருள் தனக்கென்று வேறு ஃபான்டைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று அதன் அமைப்பில் பாருங்கள்.

தலையில் கோடு போட்ட சின்ன 'ஏ'யும் ® குறியும் மாறி மாறி வருகின்றன

அதிகம் பார்ப்பது இதைத்தான். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன 'ஏ', அதை ஒட்டி ® அல்லது ¯ என்ற மேல்கோடு, அப்புறம் ஏதோ ஒரு குறி. மறுபடி அதே 'ஏ'. வரி முழுக்க இப்படியே போகும்.

எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவாக எண் கொடுப்பது யூனிகோடு, அதைக் கோப்பில் எழுதும் முறைகளில் ஒன்று யூடிஎஃப்-8. அந்த முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும், கொம்பு, கால், புள்ளி போன்ற ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், அதாவது 0 முதல் 255 வரைக்குள் மூன்று எண் ஆகிறது. முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் இன்ன எழுத்து என்று சொல்வது. 'க' என்றால் 224, 174, 149. இதைப் படிக்கிற மென்பொருள், பைட்டுக்கு ஓர் எழுத்து என்று நினைக்கும் விண்டோஸ் 1252 அட்டவணையை எடுத்துக்கொண்டால், 224ஐக் கோடு போட்ட 'ஏ' என்றும் 174ஐ ® என்றும் 175ஐ ¯ என்றும் காட்டும். அதனால்தான் அந்த ஜோடி விடாமல் வருகிறது. ஜோடியைக் கண்டுவிட்டால் உள்ளே இருப்பது தமிழ்தான் என்று அடித்துச் சொல்லலாம்.

எக்செல்லில் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளி போட்டுப் பிரித்த பட்டியல்) இரட்டைக் கிளிக் செய்து திறந்தபோது இப்படி வந்தால், கோப்பில் ஒரு கெடுதலும் இல்லை. சேமிக்காமல் மூடுங்கள். வெற்றுத் தாளைத் திறந்து, டேட்டா மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக அதே கோப்பை எடுங்கள். 'ஃபைல் ஆரிஜின்' கேட்கும் இடத்தில் 65001 என்ற யூனிகோடு வரியைத் தேர்ந்தால் முன்னோட்டத்திலேயே தமிழ் வந்துவிடும்.

சாதாரண டெக்ஸ்ட் கோப்பு என்றால் நோட்பேட் பிளஸ் பிளஸ் போதும். ஆனால் அதன் என்கோடிங் மெனுவில் இரண்டு விதக் கட்டளைகள் இருக்கின்றன. வெறுமனே 'யூடிஎஃப்-8' என்றிருப்பது, பைட்டைத் தொடாமல் வாசிக்கும் முறையை மட்டும் மாற்றும். 'கன்வெர்ட் டு யூடிஎஃப்-8' என்பது, இப்போது திரையில் தெரியும் உடைசலையே உண்மையென்று எடுத்துக்கொண்டு மாற்றி எழுதிவிடும். முதலில் எப்போதும் முதல் வகைதான். அப்படியும் சரியாகவில்லை என்றால், யாரோ ஏற்கெனவே உடைசலோடு சேமித்துவிட்டார்கள் என்று பொருள். அப்போது 'கன்வெர்ட் டு ஏஎன்எஸ்ஐ' கொடுத்து, அதன் பிறகு வெறும் 'யூடிஎஃப்-8'ஐத் தேர்ந்தால் ஒரு படி பின்னால் போகும். கோடு போட்ட சின்ன 'ஏ'க்குப் பதிலாக, தலையில் அலையோ கூரையோ வைத்த பெரிய 'ஏ' நிறையத் தெரிந்தால் இரண்டு தடவை உடைந்திருக்கிறது. அதே இரண்டு படியை இன்னொரு முறை செய்யுங்கள்.

மூலக் கோப்பைக் கேளுங்கள் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இந்த 1252 அட்டவணைதான். அதில் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. நம் பொல்லாத நேரம், 'உ'கரக் குறியின் மூன்றாவது பைட் 129. மெய்ப்புள்ளியின் மூன்றாவது பைட் 141. தமிழ் எழுத்து 'ஏ'வுக்கு 143, 'ஐ'க்கு 144. தமிழில் புள்ளியும் உகரமும் இல்லாமல் ஒரு வரி எழுத முடியுமா? கோப்புக்குள் இருக்கும்வரை இந்த பைட்டுகள் கண்ணுக்குத் தெரியாமலாவது இருக்கும். நகலெடுத்து ஒட்டும்போதோ இணையப் படிவத்தில் போடும்போதோ பல மென்பொருள்கள் அவற்றைத் துடைத்துவிடும். அப்புறம் மீட்டுப் பார்த்தால் பவானி, கோபி, கோவை எல்லாம் முழுசாக வந்து நிற்கும், கரூர், சேலம், ஈரோடு மூன்றும் வால் அறுந்து நிற்கும். ஒரு பட்டியல் இந்தக் கணக்கில் பாதி சரியாகவும் பாதி குறையாகவும் மீண்டால், இடையில் யாரோ ஒட்டி எடுத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். வேறு வழியே இல்லையென்றால், 175 வரை வந்து மூன்றாவது இல்லாமல் நிற்கும் இடத்தில் புள்ளியா உகரமா என்று சொல்லைப் பார்த்து நீங்களே போட வேண்டியதுதான். ஊர்ப் பெயர்ப் பட்டியலுக்கு இது முடியும். ஆட்களின் பெயர்ப் பட்டியலுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இணையக் கடையை ஒரு ஹோஸ்டிங்கில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றிய மறுநாள் எல்லாச் சரக்குப் பெயரும் இப்படி ஆனால், குற்றவாளி பெரும்பாலும் தரவுத்தளத்தின் பழைய அமைப்பு. மைசீக்குவல் என்ற தரவுத்தள மென்பொருள் 2018இல் 8.0 வரும்வரை, யாரும் மாற்றாவிட்டால் லத்தீன்-1 (1252 போலவே பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற முறை) என்றே அட்டவணையைத் திறந்தது. அதற்குள் யூடிஎஃப்-8 தமிழைப் போட்டு, அதே தப்பான வழியில் வெளியே எடுத்தவரை திரையில் சரியாகத் தெரிந்தது. ஒரு பக்கம் மட்டும் திருந்தியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. பழைய சர்வரில் இருந்து லத்தீன்-1 என்றே சொல்லித் தரவை இறக்கி, இறக்கிய கோப்பின் தலைப்பில் யூடிஎஃப்-8 என்று திருத்தி, புதியதில் ஏற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு சரக்காகக் கையால் திருத்த உட்காராதீர்கள்.

ஆல்ஃபாவும் இரட்டைக் கோண மேற்கோளும்

ஜிப் கோப்பைப் பிரித்ததும் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயரெல்லாம் மீன் வடிவ கிரேக்க ஆல்ஃபாவும் « அல்லது » குறியுமாக இருந்தால், அதே 224, 174, 175தான் வேறு வேஷத்தில் வந்திருக்கின்றன. இந்த முறை வாசித்த அட்டவணை 437, அதாவது பழைய ஐபிஎம் பிசியின் அட்டவணை. ஜிப் முறை பிறந்தபோது பெயர்களுக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டது. பெயர் யூடிஎஃப்-8இல் இருக்கிறது என்று சொல்ல ஒரு கொடி 2006இல்தான் சேர்ந்தது. கொடியைத் தூக்காமல் யூடிஎஃப்-8 பெயரை எழுதும் மென்பொருள்கள் உண்டு. கல்யாண ஆல்பம் செய்கிற ஸ்டூடியோவில் மேக்கில் கட்டிய ஜிப், வீட்டு விண்டோஸில் இப்படித் திறப்பது அதனால்தான்.

பார்க்கப் பயமாக இருந்தாலும் எனக்குப் பிடித்த கோளாறு இது. 437 அட்டவணையில் காலி இடமே கிடையாது, ஒரு புள்ளி விடாமல் திரும்பும். பிரித்த கோப்புகளின் பெயரோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஜிப்பில் இருந்தே மறுபடி பிரியுங்கள். வின்ராரில் ஜிப்பைத் திறந்து, ஆப்ஷன்ஸ் மெனுவில் 'நேம் என்கோடிங்' போய் யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தால் பெயர்கள் கண்முன்னே மாறும். அப்புறம் பிரித்தால் போதும். பேண்டிஜிப்பிலும் கோட்பேஜ் மாற்றும் வசதி இருக்கிறது. ஜிப் கையில் இல்லை, பிரித்த ஃபோல்டர் மட்டும்தான் என்றால் லினக்ஸில் 'கன்வ்எம்வி' என்ற கருவி மொத்தமாகப் பெயர் மாற்றும். அது முதல் ஓட்டத்தில் என்ன செய்யப்போகிறது என்று காட்டிவிட்டு நின்றுவிடும், தனியாக உத்தரவு கொடுத்தால்தான் மாற்றும். அந்தக் காட்டலை நிதானமாகப் படியுங்கள்.

கேள்விக்குறியாக வருகிறது

???? என்று கோப்புக்குள் இருந்தால் கெட்ட செய்தி. தமிழே இல்லாத முறையில் யாரோ சேமித்திருக்கிறார்கள். மென்பொருள் தனக்குத் தெரியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டது. எக்செல்லில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்க, அதைவிட்டு வெறும் 'சிஎஸ்வி'யில் சேமித்தால் இதுதான் நடக்கும். பழைய நோட்பேடில் ஏஎன்எஸ்ஐ என்று சேமித்தாலும் இதேதான். நோட்பேட் தானாக யூடிஎஃப்-8இல் சேமிக்கத் தொடங்கியது 2019இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பில் இருந்துதான். அதனால் பழைய மெஷின் வழியாகப் போய்வந்த கோப்பு என்றால் முதலில் அங்கே சந்தேகப்படுங்கள்.

ஆனால் கேள்விக்குறி கோப்புப் பெயரில் தெரிந்தால் கதை வேறு. விண்டோஸ் கோப்புப் பெயரில் ? குறியை அனுமதிக்காது. ஆகவே கருப்பு கமாண்ட் திரையில் ???? என்று பெயர் காட்டினால், திரைக்குத்தான் காட்டத் தெரியவில்லை, பெயர் நலமாக இருக்கிறது. ஃபோல்டரைச் சாதாரணமாகத் திறந்து பாருங்கள்.

உள்ளடக்கத்தில் எழுத்து போயேவிட்டது என்றாலும் கொஞ்சம் துப்பு மிஞ்சும். ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி, இடைவெளி அப்படியே நிற்கும். கைத்தறிக் கடையின் சரக்குப் பட்டியலில் ????? ????????? என்று ஐந்தும் ஒன்பதுமாக ஒரு வரி இருந்தால், பவானி ஜமக்காளம் என்று எழுதிப் பாருங்கள்: ப, வ, ா, ன, ி ஐந்து, ஜ, ம, க, ், க, ா, ள, ம, ் ஒன்பது. நான்கும் நான்குமாக இருந்தால் கோவை கோரா. கடையில் இருக்கிற சரக்குப் பெயர்கள் எல்லாவற்றையும் இப்படி எண்ணி வைத்துக்கொண்டு பக்கத்து நெடுவரிசையில் உள்ள விலையையும் சேர்த்துப் பார்த்தால், பட்டியலைப் பெரும்பாலும் கட்டி எழுப்பிவிடலாம். முகவரிப் பட்டியலுக்கு இது ஆகாது. அதற்கு மெயிலில் போன பழைய நகலைத் தேடுவதே மேல்.

� என்று கருப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்தால் இடைநிலை. 'இந்த பைட் எனக்குப் புரியவில்லை' என்று மென்பொருள் சொல்கிறது. சேமிக்காதவரை பைட் உள்ளே இருக்கிறது, சேமித்தால் போய்விட்டது.

ஆங்கில எழுத்துக் கூளமாக இருக்கிறது

கோடு போட்ட எழுத்து எதுவுமே இல்லாமல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி (jkpo;) என்று ஒரு சொல் வந்தால் அது 'தமிழ்'. ஃபான்ட் பாமினி. தட்டச்சு மெஷினின் விசை வரிசையில் தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்த ஃபான்ட் அது. கோப்புக்குள் நடப்பது ஆங்கிலம், ஃபான்ட் தமிழ்ச் சட்டை போட்டுவிடுகிறது. ஃபோல்டர் திரையில் அந்த ஃபான்ட் கிடையாது என்பதால், பாமினியில் அடித்த கோப்புப் பெயர் மட்டும் சட்டையில்லாமல் நிற்கும். ஆங்கில எழுத்தோடு தலையில் புள்ளி, கோடு போட்ட எழுத்தும் கலந்து வந்தால் வானவில் என்ற இன்னொரு பழைய ஃபான்டாக இருக்கலாம். வானவில்லிலும் 'த' ஜே-தான், ஆனால் 'மி'க்கு இரட்டைப்புள்ளி வைத்த 'ஏ' வரும். ஆங்கிலச் சொற்கள் சரியாகத் தெரிந்து, தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் விதவிதமான கோடு போட்ட எழுத்துகள் இருந்து, அந்தத் திரும்பத் திரும்ப வரும் ® ஜோடி இல்லையென்றால், டிஸ்கி அல்லது டேப் என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறைகளா என்று முயன்று பாருங்கள்.

2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே மாதம், தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமென்று அறிவித்துவிட்டது. பத்திரிகை அடிக்கிற கடைகளுக்கு அது இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. அவர்கள் பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001இல், அதற்கு யூனிகோடு தமிழ் தெரியாது. அந்த மென்பொருள் ஓடுகிறவரை பாமினியும் ஓடும்.

மாற்றுவதற்கு என்எச்எம் கன்வர்டர், பொங்குதமிழ் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றுவதற்கு முன் ஒரு வேலை: கோப்பில் உண்மையிலேயே ஆங்கிலமாக இருக்கும் துண்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். பில்லில் ஆங்கிலத்தில் இருந்த ஜிஎஸ்டி, பாமினிக் கணக்கில் மாறினால் 'புளுவு' என்று வந்து நிற்கும். மாற்றிய கோப்பில் தேடிப் பார்க்க வேண்டிய முதல் சொல் அதுதான்.

தேடல் பதிவில் புரியாத வரிகள்

இணையக் கடை வைத்திருப்பவர்கள், தேடல் பெட்டியில் ஆட்கள் என்ன அடித்தார்கள் என்ற பதிவைப் பார்க்காமல் விடக்கூடாது. ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போனவர் எதைக் கேட்டார் என்பது அதில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: சதவீதக் குறி, ஈ0, சதவீதக் குறி, ஏஈ அல்லது ஏஎஃப், சதவீதக் குறி, இன்னொரு ஜோடி. இங்கே ஈ, ஏ, எஃப் எல்லாம் ஆங்கில எழுத்துகள். ஈ0 என்பது 224ஐப் பதினாறின் அடியில் எழுதியது. ஏஈ 174, ஏஎஃப் 175. ஆக, இது உடைசலே அல்ல, இணைய முகவரிக்குள் தமிழைக் கட்டி அனுப்பும் வழக்கமான முறை. ஒன்றிரண்டு என்றால் முகவரிப் பட்டையில் ஒட்டிப் பாருங்கள், பிரவுசரே தமிழாக்கிக் காட்டும். நிறைய என்றால் பைத்தான் நிரல்மொழியில் 'அன்குவோட் பிளஸ்' என்ற செயல்கூறு இருக்கிறது. இடைவெளிக்கு வரும் + குறியையும் அது கவனித்துக்கொள்ளும்.

ஒவ்வொரு சதவீதக் குறிக்குப் பின்னாலும் 25 வந்தால் இரண்டு தடவை கட்டியிருக்கிறது, இரண்டு தடவை அவிழ்க்க வேண்டும். வரியின் கடைசியில் ஒன்றோ இரண்டோ ஜோடி மட்டும் தொங்கினால் இட வரம்பில் வெட்டுப்பட்டது. அந்தத் தொங்கலைக் கிள்ளிவிட்டு மீதியைப் படியுங்கள்.

&#2980;&#2990;&#3007;&#2996;&#3021; என்று எண்ணாக வந்தால் அது 'தமிழ்'. 2944 முதல் 3071 வரைக்குள் எண் இருந்தால் தமிழ்தான். ஒரு வெற்று எச்டிஎம்எல் கோப்பில் போட்டு பிரவுசரில் திறந்தால் தெரிந்துவிடும்.

சுவாரசியமானவை மிச்சமிருக்கின்றன. ஹெச், எக்ஸ், வி, ஆர் என்று நான்கு எழுத்து தேடல் வந்திருக்கிறது. குப்பை என்று தள்ளிவிடத் தோன்றும். தமிழ்99 விசைப்பலகையை எதிரே வைத்துப் பாருங்கள்: க, ஓ, வ, ஐ. கோவை! தமிழில் அடிப்பதாக நினைத்து, மொழி மாற்றாமல் அடித்திருக்கிறார். டபிள்யூ, எம், எக்ஸ், ஓ, டி (D) என்றால் ஈரோடு. அதே கோவையைப் பாமினிக் கோப்பில் இருந்து நகலெடுத்து ஒட்டியிருந்தால் பெரிய என், எஃப், ஹெச், ஐ, டி (T) என்று வரும். இரண்டையும் பிரித்தறிய எளிய குறிப்பு: பாமினியில் சொல்லுக்கு நடுவே பெரிய எழுத்தும் அரைப்புள்ளியும் தாராளமாகக் கலந்திருக்கும், தமிழ்99 தவறில் பெரும்பாலும் சின்ன எழுத்தாகவே இருக்கும்.

எல்லாவற்றுக்கும் அர்த்தம் தேடவும் வேண்டாம். ஒற்றை மேற்கோள், கோண அடைப்பு, கட்டளைச் சொற்கள் நிறைந்த நீள வரிகள் எல்லாம் ஓட்டை தேடி வரும் தானியங்கிகள். அவற்றை அவிழ்த்தாலும் வாங்க வந்த ஆள் உள்ளே இருக்க மாட்டார்.

கண்ணுக்குச் சரியாக இருக்கிறது, தேடினால் இல்லை

இதில்தான் ஆட்கள் அதிகம் தவிக்கிறார்கள். உடைசலே தெரியாததால், கோளாறு இருக்கிறது என்றே யாரும் நம்புவதில்லை. ஒரே ஃபோல்டருக்குள் 'பொள்ளாச்சி', 'பொள்ளாச்சி' என்று இரண்டு ஃபோல்டர் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கோரா காட்டன் சேலை கடையில் இருக்கிறது, தேடினால் 'இல்லை' என்கிறது.

ஒகர, ஓகரக் குறிகளை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 'கோ' என்பது க-வும் ஒற்றைக் குறியாக ோ-வும் சேர்ந்ததாக இருக்கலாம். க, அப்புறம் இரட்டைக் கொம்பு, அப்புறம் கால் என்று மூன்று துண்டாகவும் இருக்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம், ஆனால் பைட்டை மட்டும் ஒப்பிடும் தேடலுக்கு இரண்டும் வேறு வேறு. 2017இல் புதிய கோப்பு முறை வருவதற்கு முந்தைய மேக்குகள் எல்லாக் கோப்புப் பெயரையும் துண்டாக்கியே வைத்தன. அந்தக் கால வட்டு வழியாகப் போய்வந்த பெயர் துண்டாகத் திரும்பும். நம் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் பாருங்கள்: கோவை, கோபி, ஈரோடு, பொள்ளாச்சி, கொடுமுடி, மொடக்குறிச்சி, சோமனூர், தொண்டாமுத்தூர். கொங்கு என்ற பெயரே அப்படித்தான் தொடங்குகிறது. சேலத்துக்காரருக்கும் கரூர்க்காரருக்கும் வராத வில்லங்கம் நமக்கு ஊருக்கு ஊர் காத்திருக்கிறது.

கண்டுபிடிக்க, சந்தேகப்படும் சொல்லில் 'கோ'வுக்கு அடுத்து கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். கால் மட்டும் போய் 'கே' மிஞ்சினால் துண்டாக இருந்தது, குறி முழுசாகப் போய் 'க' மிஞ்சினால் ஒன்றாக இருந்தது. சில செயலிகள் மொத்த எழுத்தையும் அழித்துவிடும் என்பதால் நோட்பேடில் செய்வது நல்லது. தீர்வுக்கு என்எஃப்சி என்று பெயர். துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கும் வடிவம். கோப்புப் பெயருக்கு மேலே சொன்ன கன்வ்எம்வியே இதையும் செய்யும். கடையின் தேடலுக்கு, சரக்குப் பெயரைச் சேமிக்கும்போதும் தேடல் சொல்லை வாங்கும்போதும் இரண்டு பக்கமும் என்எஃப்சி ஆக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பலனில்லை.

என்எஃப்சியால் தீராத போலிகளும் உண்டு. காலுக்குப் பதில் ர-வை அடிப்பது, 'கௌ'வில் வரும் குறிக்குப் பதில் ள-வை அடிப்பது. கவுண்டம்பாளையம், கௌண்டம்பாளையம், கெளண்டம்பாளையம் மூன்றும் ஒரே ஊர்தான். முதலாவது வேறு எழுத்துமுறை, மூன்றாவது ள போட்ட போலி. எந்த விதியும் இதைத் தானாகச் சரிசெய்யாது, கடைக்காரர்தான் மாற்றுச் சொல் பட்டியலில் மூன்றையும் சேர்க்க வேண்டும்.

ஸ்ரீ இன்னொரு தொல்லை. மில், மெஸ், மண்டபம் என்று பலகைக்குப் பலகை ஸ்ரீ இருக்கிற ஊர் நம்முடையது. இதை ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடுக்குள் வந்த ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான ஃபான்டுகளில் இரண்டும் ஒரே உருவம். ஸ்ரீயை விட்டுவிட்டு அடுத்த சொல்லைத் தேடுவது உடனடி வழி. நிரந்தர வழி, ஶ-வில் தொடங்குவதை ஸ-வுக்கு மாற்றி வைப்பது. கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடை எழுத்துகளும் பிடிஎஃப், வாட்ஸாப் நகல்களில் ஒட்டிக்கொண்டு வரும், முக்கியமாக க்ஷ வரும் சொற்களில். சொல்லின் எழுத்து எண்ணிக்கை நீங்கள் விரல்விட்டு எண்ணியதைவிட ஒன்று கூடுதலாகக் காட்டினால் அதுதான். தேடல் சொல்லைக் கையால் அடித்தால் கிடைக்கிறது, ஒட்டினால் கிடைக்கவில்லை என்பதும் இதே அறிகுறி.

ெகாங்கு என்று கொம்பு முன்னால் புள்ளி வட்டத்தில் தனியாக நின்றால், பழைய ஃபான்டில் இருந்து அரைகுறையாக மாற்றியது. பழைய ஃபான்டில் கொம்பை முதலில் அடிப்பார்கள், யூனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால் வர வேண்டும். கருவியை மாற்றி, மூலத்தில் இருந்து மறுபடி மாற்றுங்கள். பிடிஎஃப்பில் இருந்து நகலெடுத்தபோது இப்படி வந்தால் நகலெடுப்பதை விட்டுவிட்டு, பக்கத்தைப் படமாக்கி எழுத்துணரியில் கொடுங்கள். டெசராக்ட், கூகுள் டிரைவ் இரண்டுக்குமே தமிழ் தெரியும்.

பெயரின் வால் அறுந்திருக்கிறது

விண்டோஸில் 255 எழுத்து வரை பெயர் வைக்கலாம். அலுவலகத்து மூலையில் இருக்கும் சேமிப்புப் பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸ், அங்கே வரம்பு 255 பைட். தமிழுக்கு மூன்று மூன்றாகப் போனால் 85 குறிதான். 'சென்னிமலை' என்ற ஒரு சொல்லே 27 பைட் தின்றுவிடும். கட்சிக்காரர் பெயர், ஊர், சர்வே எண், தேதி எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே எழுதுகிற பழக்கம் இருந்தால் சீக்கிரமே முட்டும். பூட்டுப் போட்ட பகிர்வு ஃபோல்டர் என்றால் சில பெட்டிகளில் 143 பைட்டோடு சரி, அதாவது 47 குறி. சில மென்பொருள்கள் ஏற்ற மறுக்கும். சில, சொல்லாமல் வெட்டும். வெட்டு ஓர் எழுத்தின் மூன்று பைட்டுக்கு நடுவில் விழுந்தால் கடைசியில் � தெரியும்.

வெட்டில் பெயரோடு பின்னொட்டும் (.jpg, .pdf போன்றது) போய்விட்டால் கோப்பு திறக்காது, கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம். பைட்டைக் காட்டும் கருவி எதிலாவது திறந்து முதல் சில எண்களைப் பாருங்கள். 255, 216 என்றால் ஜேபெக் படம். 37, 80, 68, 70 என்றால் பிடிஎஃப். 80, 75 என்றால் ஜிப், ஆனால் புதிய வேர்டு, எக்செல் கோப்புகளும் உள்ளே ஜிப்தான். அதனால் செவன்-ஜிப்பில் திறந்து, உள்ளே 'வேர்டு' என்ற ஃபோல்டர் இருக்கிறதா 'எக்ஸ்எல்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற பின்னொட்டைக் கையால் சேர்த்தால் கோப்பு திறந்துகொள்ளும்.